1989 பி.டி.சி.சி: ஒரு பந்தயத்தைக்கூட முதலாவதாக முடிக்காதவர் சாம்பியன், இது நியாயமா?

கடைசி_லேப்

மூன்று நாளாக ராத்திரி சரியான தூக்கம் இல்லை. எண்பதுகளின் கடைசியில் பிபிசி காட்டிய பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப் (பி.டி.சி.சி) பந்தயங்களின் பழைய பதிவுகள் யூடியூபில் வரிசையாக மாட்டின, மர்ரே வாக்கர் வர்ணனையோடு. 1988-ஐ முடித்து 1989-ஐயும் பார்த்துவிட்டேன். பார்த்ததிலிருந்து மண்டைக்குள் ஒரே விஷயம்தான் ஓடுகிறது, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: டூரிங் கார் என்றால் ரோட்டில் விற்கிற காரைப் பந்தயத்துக்கு மாற்றியது. அப்போது ஒரே கிரிட்டில், அதாவது ஒரே தொடக்க வரிசையில், நான்கு கிளாஸ் வண்டிகள் ஓடின. 2500 சிசிக்கு மேல் இருந்தால் கிளாஸ் ஏ, 2001 முதல் 2500 வரை பி, 1601 முதல் 2000 வரை சி, 1600 வரை டி. எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், ஒரே கொடி விழும், ஆனால் புள்ளி மட்டும் அவரவர் கிளாஸுக்குள் வந்த இடத்துக்குத்தான். கிளாஸில் முதலாவது வந்தால் 9, அப்புறம் 6, 4, 3, 2, 1. கிளாஸில் வேகமான லேப் போட்டவருக்கு இன்னொரு புள்ளி. சீசன் முடிவில் யார் எந்த கிளாஸாக இருந்தாலும் அதிகப் புள்ளி வைத்திருப்பவர் சாம்பியன்.

1989-இல் முன்னால் ஓடியது முழுக்க ஃபோர்டு சியரா ஆர்எஸ்500. ஆண்டி ரவுஸ், ராப் கிராவெட், டிம் ஹார்வி, இன்னும் பலர். நெருப்புக் கக்கிக்கொண்டு போகிற வண்டிகள். ஆனால் வருடக் கடைசியில் கோப்பையைத் தூக்கியவர் ஜான் கிளீலண்ட், ஸ்காட்லாந்துக்காரர், ஓட்டியது கிளாஸ் சி-யில் ஒரு வாக்ஸால் ஆஸ்ட்ரா ஜிடிஇ. அந்த வருடம் அவர் ஒரு பந்தயத்தைக்கூட மொத்தத்தில் முதலாவதாக முடிக்கவில்லை.

இது நியாயம் என்றுதான் நான் சொல்வேன். தன்னோடு சமமான வண்டி வைத்திருந்தவர்களை யார் அதிகமாக ஜெயித்தாரோ அவர்தான் நல்ல ஓட்டுநர். அதிகக் குதிரைத்திறன் வாங்கக் காசு இருந்தவர் இல்லை. மறுப்பவர்கள் வாருங்கள், பேசலாம்.

ஆர்எஸ்_ரசிகன்

மறுக்கிறேன், முழுசாக மறுக்கிறேன். பந்தயம் என்றால் கோட்டை முதலில் தாண்டுகிறவன் ஜெயித்தான் என்று அர்த்தம். ஆறு வயதுக் குழந்தையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். ஆண்டி ரவுஸ் தன் வாழ்நாளில் இந்தத் தொடரில் 60 பந்தயம் ஜெயித்தவர், நான்கு முறை சாம்பியன். 1988-இலும் மற்ற எவரையும்விட அதிகப் பந்தயங்களை ஜெயித்தது அவர்தான். ஆனால் பட்டம் யாருக்குப் போனது? பிஎம்டபிள்யூ எம்3-இல் கிளாஸ் பி ஓட்டிய ஃபிராங்க் சிட்னருக்கு. அதற்கு முந்தின இரண்டு வருடமும், 1986, 1987, கிறிஸ் ஹாட்ஜெட்ஸ், டொயோட்டா கொரோலா ஜிடி, இருந்த வண்டிகளிலேயே சின்னது. அடுத்து கிளீலண்ட். ஆக நான்கு வருடம் தொடர்ந்து, முன்னால் ஓடி மக்களை மைதானத்துக்கு வரவழைத்தவர்களுக்குப் பட்டம் இல்லை.

அந்த ஆர்எஸ்500 லேசான வண்டி கிடையாது நண்பரே. டர்போ எழும்பும்வரை ஒன்றும் வராது, எழும்பினால் பின் டயர் இரண்டும் சுழலும், ஐந்நூறு குதிரைத்திறனுக்கு மேல், இன்றைக்கு இருக்கிற எந்த மின்னணு உதவியும் இல்லாமல். அதை அடக்கி முன்னால் கொண்டுவந்தவனுக்கு மூன்றாவது இடம், தன் கிளாஸில் நான்கைந்து பேரோடு ஓடியவனுக்குக் கோப்பை. இது எனக்கு வலிக்கிறது, வேறு வார்த்தை தெரியவில்லை.

ஸ்பேனர்_செல்வம்

சண்டைக்கு முன்னால் வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் கிளாஸ் ஏன் வந்தது என்று புரியும்.

ஆர்எஸ்500-இன் இன்ஜின் உண்மையில் 1993 சிசிதான். காஸ்வொர்த் என்ற பிரிட்டிஷ் இன்ஜின் கம்பெனி செய்த ஒய்பி இன்ஜின். வெறும் சிசி-யைப் பார்த்தால் அது ஆஸ்ட்ராவின் கிளாஸுக்குள் வரவேண்டிய வண்டி, ஆஸ்ட்ராவும் 1998 சிசிதானே. ஆனால் டர்போ இருந்தால் சிசி-யை 1.7-ஆல் பெருக்கவேண்டும் என்பது அப்போது டூரிங் கார்கள் ஓடிய குரூப் ஏ விதி. 1993-ஐப் பெருக்கினால் 3388 வரும், நேராக கிளாஸ் ஏ.

குரூப் ஏ-வில் ஓடவேண்டும் என்றால் அந்த மாடலில் 5000 வண்டி விற்பனைக்குச் செய்திருக்கவேண்டும், அதன் மேம்பட்ட வடிவத்துக்கு 500 போதும். ஆர்எஸ்500 என்ற பெயரில் இருக்கிற 500 அதுதான். 1987-இல் செய்தார்கள். பெரிய டர்போ, கெட்டியான இன்ஜின் பிளாக், அதோடு நான்கு சிலிண்டருக்கு எட்டு இன்ஜெக்டர். ரோட்டு வண்டியில் இரண்டாவது வரிசை நான்கும் வேலையே செய்யாது, பந்தயத்துக்காகவே வைத்தது. ரோட்டில் 224 குதிரைத்திறன், பந்தயத்தில் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். எம்3 டர்போ இல்லாத 2.3 லிட்டர், சுமார் 300. ஆஸ்ட்ரா அந்த ஆர்எஸ்ஸில் பாதிக்கும் குறைவு, முன் சக்கர இழுவை வேறு.

நேர்ப்பாதையில் ஆஸ்ட்ராவை எடுத்துக்கொண்டு ஆர்எஸ்ஸைத் துரத்துவது நடக்காத காரியம். மொத்த இடத்துக்குப் புள்ளி கொடுத்திருந்தால் எவனும் ஆஸ்ட்ராவையோ கொரோலாவையோ கொண்டுவந்திருக்க மாட்டான், கிரிட்டில் பத்துப் பதினைந்து சியரா மட்டும் நின்றிருக்கும்.

ஈஸ்ட்ஹாம்_சிவா

தம்பிமார், நான் நேரே பார்த்தவன், அதனால் என்னையும் கொஞ்சம் எழுத விடுங்கோ. 86-இல் லண்டன் வந்தேன். வேலை செய்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் கார் பைத்தியம், அவன்தான் முதல்முறை பிராண்ட்ஸ் ஹாட்ச் கூட்டிக்கொண்டு போனவன். அதற்கு முதல் நான் கார் ரேஸ் ஒன்றும் கண்டதில்லை.

பேடக் ஹில் வளைவுக்கு மேலே புல்லில் நின்றோம். அந்த வளைவைத் தொலைக்காட்சியில் பார்த்து விளங்காது. வலது பக்கம் திரும்பிக்கொண்டே ரோட்டு கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி விழும், அப்படியே திரும்ப மேலே ஏறி டிரூயிட்ஸ் ஊசிவளைவுக்குப் போகும். சியராக்கள் முதலில் வரும், காலை எடுத்த உடனே பின்னால் நெருப்பு, ஒரு வெடி. மூன்று நான்கு வண்டி ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. அதற்குப் பின்னால் எம்3-கள், அவையின் சத்தம் வேறு, கூர்மையான சத்தம். அப்புறம் ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் சனம் தண்ணிப் போத்தலை எடுக்கும், சிகரெட் பத்தவைக்கும். பிறகு சின்ன வண்டிகள்.

நான் முதல் வருடம் முழுக்க அந்த இடைவெளி வரைக்கும்தான் பார்த்தேன். ஆர்எஸ்_ரசிகன் சொல்கிறதுதான் எனக்கும் அப்ப சரி. பிறகு ஒரு நாள் அந்தப் பெடியன் சொன்னான், சின்ன வண்டிகளைப் பார், அவங்கள் வளைவில் வேகத்தைக் குறைக்கிறதே இல்லை என்று. உண்மை. சியரா வளைவுக்கு முதல் பிரேக் போட்டு, மெதுவாகத் திருப்பி, நேரான பிறகு பாய்கிறது. ஆஸ்ட்ராவுக்கு அப்படிப் பாயப் பலம் இல்லை, அதால் வேகத்தை விட்டால் திரும்ப எடுக்க ஏலாது. அதனால் கிளீலண்ட் ஒரு முன் சக்கரத்தை முழுக்கச் சாய்த்து, உள்பக்கப் பின் சக்கரம் ஒன்று காற்றில் நிற்க, இறக்கத்தில் விழுவார். லேப் லேப்பாக ஒரே இடத்தில், ஒரே கோட்டில். அதைக் கண்டபிறகு நான் இடைவெளிக்குப் பிறகும் பார்க்கத் தொடங்கினேன்.

கிளீலண்டுக்குக் கிடைத்தது காகிதக் கோப்பை என்று யாரும் சொல்லவேண்டாம். அந்த மனிசன் ஓட்டினார்.

ஆர்எஸ்_ரசிகன்

சிவா அண்ணா, நீங்கள் நேரில் பார்த்தவர், உங்கள் கண்ணை நான் கேள்வி கேட்கவில்லை. கிளீலண்ட் ஓட்டத் தெரியாதவர் என்றும் சொல்லவில்லை, பின்னால் 1995-இல் எல்லாரும் ஒரே விதிக்குள் ஓடிய காலத்திலேயே கேவலியர் வண்டியில் மறுபடி சாம்பியன் ஆனவர், அவர் திறமைக்கு அதுவே போதும். நான் கேட்பது வேறு. கிளாஸ் சி-யில் அவருக்கு எதிராக நின்றவர்கள் எத்தனை பேர்? கிளாஸ் ஏ-வில் ரவுஸ், கிராவெட், ஹார்வி மூவரும் எந்த வாரமும் யாரும் ஜெயிக்கலாம் என்ற நிலையில் இருந்தார்கள். 9 புள்ளியை அங்கே எடுப்பதும் இங்கே எடுப்பதும் ஒன்றா?

கடைசி_லேப்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், இது என்னையும் உறுத்துகிற இடம். சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன், உண்மையான அட்டவணை இல்லை, விஷயம் புரிவதற்காக.

பத்துப் பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். கிளாஸ் ஏ-வில் ஒருவர் ஐந்தை ஜெயிக்கிறார், இரண்டில் இரண்டாவது, ஒன்றில் மூன்றாவது, இரண்டில் டர்போ போய் நிற்கிறது. 45, 12, 4, மொத்தம் 61. அருமையான சீசன், அந்த வருடத்தின் பெரிய நட்சத்திரம் அவர்தான். கிளாஸ் சி-யில் ஒருவர் எட்டை ஜெயித்து இரண்டில் இரண்டாவது வருகிறார். 72, 12, மொத்தம் 84. பக்கத்தில்கூட வரமுடியாது. கிளாஸ் ஏ ஆள் இன்னும் இரண்டு ஜெயித்தாலும் பத்தாது.

அப்போ இந்த முறையில் பட்டம் வெல்லச் சிறந்த வழி, போட்டி குறைவான கிளாஸில் நல்ல வண்டியும் நல்ல குழுவும் வைத்துக்கொண்டு உடையாமல் ஓடுவதுதான். ஆர்எஸ்_ரசிகன் சொல்வதில் இந்தப் பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயம்: உடையாமல் ஓடுவதும் திறமைதானே? வருடம் முழுக்க ஒரு தப்பு செய்ய இடமில்லை. கிளாஸ் ஏ-வில் இருப்பவருக்கு ஒரு பந்தயம் போனால் எதிராளிக்கும் அடுத்த வாரம் போகும் என்ற நம்பிக்கை உண்டு. கிளீலண்டுக்கு எதிராளி தன் கிளாஸில் மட்டும் இல்லை, கிளாஸ் பி-யில் எம்3 ஓட்டிக்கொண்டு ஜேம்ஸ் வீவர் புள்ளி சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் மோதவும் முடியாது, மறித்து நிறுத்தவும் முடியாது, வேறு பந்தயத்தில் ஓடுகிற மாதிரி. தன் வேலையைத் தப்பில்லாமல் செய்வதைத் தவிர வேறு வழியே இல்லை. அந்த அழுத்தம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கொடி_மேடை

நான் இருங்காட்டுக்கோட்டையில் பல வருடமாக மார்ஷல் வேலை பார்க்கிறவன். நம்ம ஊரிலும் தேசியப் பந்தயத்தில் டூரிங் கார், சூப்பர் ஸ்டாக் என்று வேகம் வேறுபட்ட வண்டிகளைச் சேர்த்து விடுவது உண்டு, அதனால் கொடி பிடிக்கிற ஆளின் பார்வையில் ஒன்று சொல்கிறேன்.

பல கிளாஸ் பந்தயத்தில் பாதிச் சண்டை கண்ணாடியில் நடக்கும். மெதுவான வண்டியில் இருப்பவன் முன்னால் இருக்கிற தன் கிளாஸ் எதிராளியைத் துரத்திக்கொண்டிருப்பான், அந்த நேரம் பார்த்துப் பின்னால் முதல் கிளாஸ் கூட்டம் வந்துவிடும். நாங்கள் நீலக்கொடி காட்டுவோம். அவன் இடம் விடவேண்டும், ஆனால் விடுகிற இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் எதிராளி ஒரு விநாடி முன்னால் போய்விடுவான். நல்ல ஓட்டுநர் வளைவுக்குள் விடமாட்டான், வளைவிலிருந்து வெளியே வரும்போது ஒரு பக்கமாக ஒதுங்கித் தன் வேகம் கெடாமல் விடுவான், அப்படியே எதிராளி அந்த வேகமான வண்டியிடம் மாட்டிக்கொள்கிற மாதிரியும் பார்த்துக்கொள்வான். முன்னால் ஓடுகிறவனுக்கும் அதே கதை. இரண்டு பேர் முட்டிக்கொண்டு முதல் இடத்துக்கு ஓடும்போது நடுவில் ஒரு கொரோலா வந்தால் அதை வளைவுக்கு முன்னால் தாண்டுவதா பின்னால் தாண்டுவதா என்று அரை விநாடியில் முடிவெடுக்கவேண்டும். பந்தயம் அங்கேதான் மாறும்.

ஒரே கிளாஸ் பந்தயத்தில் இந்த வித்தை இல்லை. முன்னால் போகிறவன் போய்க்கொண்டே இருப்பான். எனக்கு மேடையில் நின்று பார்க்க அது சப்பென்று இருக்கும்.

பயமும் இதில்தான். வேக வித்தியாசம் கூடக்கூட ஆபத்தும் கூடும். ஐந்நூறு குதிரைத்திறன் வண்டி, அதில் மூன்றில் ஒரு பங்கு உள்ள வண்டியை நெருங்குகிற வேகத்தை மழையில் நினைத்துப் பாருங்கள்.

பழைய_ஏடு

எல்லாரும் எண்பதுகளிலேயே நிற்கிறீர்கள், இந்த வழக்கு தொடர் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. முதல் சீசன் 1958. அப்போது பெயர் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன்ஷிப், டூரிங் கார் என்று பெயர் மாறியது 1987-இல். அந்த முதல் வருடமே சீசன் முடிவில் இரண்டு பேர் சமப் புள்ளி, இரண்டு பேரும் வேறு வேறு கிளாஸ். ஜாக் சியர்ஸ் ஆஸ்டின் வெஸ்ட்மின்ஸ்டர் ஓட்டினார், டாமி சாப்வித் ஜாகுவார் 3.4, விமானம் செய்த அந்த சாப்வித்தின் மகன்தான்.

யார் சாம்பியன் என்று எப்படி முடிவு செய்வது? நாணயம் சுண்டலாம் என்று பேச்சு வந்திருக்கிறது, இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் பிராண்ட்ஸ் ஹாட்சில் ஒரே மாதிரியான இரண்டு ரைலி 1.5 வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஐந்து லேப் ஓட்டுங்கள், பிறகு வண்டியை மாற்றிக்கொண்டு மறுபடி ஐந்து லேப், மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவருக்குப் பட்டம். மழை வேறு. சியர்ஸ் 1.6 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். வேறு கிளாஸ் ஓட்டுநர்களை ஒப்பிட இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு வருடமும் செய்ய முடியாதே.

சின்ன வண்டி பட்டம் வாங்கியதும் புதுசு இல்லை. 1961-இல் ஜான் விட்மோர், 850 சிசி மினி. 1969-இல் அலெக் பூல், மினி. அதற்கப்புறம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. பில் மெக்கவர்ன், சன்பீம் இம்ப், 998 சிசி, பின்னால் அலுமினிய இன்ஜின், தீயணைப்புப் பம்புக்காகச் செய்த இன்ஜினின் வழியில் வந்தது. ஜார்ஜ் பெவன் என்பவரின் சின்னத் தனிக் குழு, கம்பெனிப் பணபலம் இல்லாதது. 1970, 1971, 1972, மூன்று வருடம் தொடர்ந்து சாம்பியன். முன்னால் ஓடியதெல்லாம் அமெரிக்காவின் பெரிய வி8 வண்டிகள். 1974, 76, 77 பெர்னார்டு யூனெட், அவெஞ்சர் வண்டி. 78, 79 ரிச்சர்டு லாங்மன், மறுபடி மினி.

ஒரு லிட்டர் வண்டியை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் குழு நாட்டின் சாம்பியன் ஆகலாம் என்ற கதவு இந்த முறையால்தான் திறந்திருந்தது. 1991-இல் எல்லாரும் ஒரே 2 லிட்டர் கிளாஸுக்கு வந்தார்கள், கதவு மூடிக்கொண்டது. அப்புறம் கம்பெனிகள் வந்தன, சில வருடத்தில் செலவு எங்கேயோ போனது, 2000-இல் பெரிய கம்பெனிகள் பல விலகி கிரிட்டை நிரப்ப மறுபடி கிளாஸ் பி என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அலன் மெனு ஃபோர்டு மோண்டியோவில் ஜெயித்த வருடம். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நின்றார்கள்.

ஆர்எஸ்_ரசிகன்

பழைய_ஏடு, இம்ப் கதை அருமை, அதை நான் ரசித்தேன், சத்தியமாக. ஆனால் 1991-ஐ கதவு மூடியது என்று சொல்லாதீர்கள், எனக்கு அது கதவு திறந்தது. அந்த 2 லிட்டர் விதியை உருவாக்கியதில் ஆண்டி ரவுஸுக்குப் பங்கு உண்டு. ஏன் என்று யோசியுங்கள். வருடா வருடம் முன்னால் ஓடியும் பட்டம் கிடைக்காத ஆள், அதுவரை தனக்குச் சோறு போட்ட டர்போ சியராவையே வேண்டாம் என்று வைக்கிற விதிக்குக் கை கொடுத்தார். டர்போ இல்லை, 8500 ஆர்பிஎம் உச்சவரம்பு, எல்லாரும் ஒரே கணக்கு. 1991-இல் அவரே டொயோட்டா கரீனா ஓட்டினார், பட்டம் எம்3-இல் வில் ஹோய்க்குப் போனது.

1992 கடைசிப் பந்தயம் சில்வர்ஸ்டோனில். ஹார்வி, கிளீலண்ட், ஹோய், மூன்று பேருக்கும் வாய்ப்பு, கிளீலண்டும் ஹார்வியின் குழுத்தோழர் ஸ்டீவ் சோப்பரும் மோதிக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள், ஹார்வி சாம்பியன். பார்க்கிற ஒவ்வொருவனுக்கும் தெரியும், யார் முன்னால் முடித்தால் யாருக்குக் கோப்பை என்று. உங்கள் 1989-இல் கடைசிப் பந்தயம் பார்த்தவன் கையில் காகிதம் பென்சில் இல்லாமல் அது தெரிந்திருக்குமா? அந்த விதி பிறகு பல நாடுகளுக்குப் போனது, சூப்பர் டூரிங் என்று உலகமே ஓடியது. கிளாஸ் முறை அதைச் செய்திருக்காது.

இன்னொன்று, 1990-ஐ எல்லாரும் மறக்கிறீர்கள். கிளாஸ் இருந்தும் கிராவெட் ஆர்எஸ்500-இல் சாம்பியன் ஆனார்!

கடைசி_லேப்

1990-ஐ நீங்களே எடுத்தது நல்லது, அது என் பக்கம் பேசுகிற வருடம். நான்கு கிளாஸை இரண்டாகக் குறைத்தார்கள், ஏ-வில் சியரா, பி-யில் புது 2 லிட்டர் வண்டிகள். அடுத்த வருடம் அதுதான் வரப்போகிறது என்று தெரிந்ததால் நல்ல ஆட்கள் பலர் பி-க்கு வந்துவிட்டார்கள். கிளீலண்ட் புது கேவலியர், எம்3-க்காரர்கள் இன்ஜினை 2 லிட்டராக்கிக்கொண்டு வந்தார்கள். இப்போது கூட்டம் பி-யில். அங்கே புள்ளி பங்கு போட்டுப் போனது. ஏ-வில் கிராவெட் ஒருவர் பெரும்பாலான பந்தயங்களை அள்ளிக்கொண்டு போனார், பட்டமும் போனது.

முறை சின்ன வண்டிக்குச் சாதகம் இல்லை என்று இதில் தெரிகிறதா? தன் சமமானவர்களை விட்டுத் தூரமாக யார் போகிறாரோ அவருக்குச் சாதகம். 1989-இல் அது கிளீலண்ட், 1990-இல் கிராவெட்.

ஸ்பேனர்_செல்வம்

நடுவில் ஒன்று, யாரும் சொல்லவில்லை என்பதால். கிளீலண்டின் அந்த ஆஸ்ட்ரா ஐரோப்பாவில் ஓப்பல் கடெட் என்ற பெயரில் விற்றது. அதே கடெட்டின் அடிப்படையை வைத்துத்தான் டேவூ பின்னால் சியலோ செய்தது. ஆமாம், தொண்ணூறுகளின் நடுவில் நம்ம ஊர் ரோட்டில் ஓடிய அந்த சியலோதான். நான் வேலை கற்றுக்கொண்ட பட்டறையில் நாலைந்து சியலோ தவறாமல் வரும், முன் சஸ்பென்ஷன் புஷ் மாற்றிக் கை காய்த்துப்போன வண்டி. அதன் பெரியப்பா மகன் பிரிட்டனில் சியராக்களுக்கு மேலே பட்டம் வாங்கியிருக்கிறது என்று பல வருடம் கழித்துத் தெரிந்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

இன்ஜின் மட்டும் வேறு. ஜிடிஇ-இல் இருந்தது 16 வால்வு 2 லிட்டர், அதன் சிலிண்டர் ஹெட்டில் காஸ்வொர்த்துக்குக் கை உண்டு. ஆக அந்த வருடம் ஏ-வில் முன்னால் ஓடியதிலும் காஸ்வொர்த் வேலை, பட்டம் வாங்கியதிலும் காஸ்வொர்த் வேலை. ரோட்டு வண்டியிலேயே 156 குதிரைத்திறன், டர்போ இல்லாமல், 1988-இல். பந்தயத்துக்கு நல்ல அஸ்திவாரம். நல்ல குழு, நல்ல ஹெட், உடையாத கியர்பாக்ஸ், இந்த மூன்றும் சேர்ந்தால் கடைசி_லேப் போட்ட அந்த 84 வரும்.

கொடி_மேடை

ஆர்எஸ்_ரசிகன் சொன்ன காகிதம் பென்சில் விஷயத்தில் நான் அவர் பக்கம். எங்கள் ஊரிலேயே பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள், முன்னால் போகிற வண்டி ஜெயிக்கிறதா, பின்னால் போகிறதா, ஏன் இவன் கையைத் தூக்கிக் கொண்டாடுகிறான் என்று. வண்டியில் கிளாஸுக்கு ஒரு நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டினாலும் தூரத்திலிருந்து தெரியாது. தொலைக்காட்சிக்கு அரை மணி நேரத்தில் சுருக்கிக் காட்டவேண்டும் என்றால் முன்னால் ஓடுகிற நான்கு வண்டியைத்தான் காட்டமுடியும். 1989-இன் சாம்பியனைத் தொலைக்காட்சியில் எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், கடைசி_லேப்? நேர்மையாகச் சொல்லுங்கள்.

கடைசி_லேப்

குறைவுதான். சில பந்தயங்களில் ஆஸ்ட்ரா ஒரு சில நொடிதான் வருகிறது. மர்ரே வாக்கர் கிளாஸ் சி-யை அடிக்கடி நினைவுபடுத்துகிறார், ஆனால் கேமரா திரும்பவில்லை. முன்னால் ரவுஸும் கிராவெட்டும் கதவோடு கதவு உரசிக்கொண்டு போகும்போது எந்தக் கேமராக்காரரும் திருப்பமாட்டார், அதையும் புரிந்துகொள்கிறேன்.

நான் முதலில் எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். காசு இருந்தவர் இல்லை என்று எழுதினேன், அது சரியில்லை. ஆஸ்ட்ராவுக்குப் பின்னாலும் வாக்ஸால் இருந்தது, ஏழைக் குழு இல்லை. மெக்கவர்னின் இம்பையும் கிளீலண்டின் ஆஸ்ட்ராவையும் ஒரே தட்டில் வைத்தது என் தப்பு. ஆனால் பட்டம் நியாயம் என்பதை மாற்றவில்லை. கிளாஸில் எத்தனை பேர் ஓடினார்களோ அதைப் பொறுத்துப் புள்ளியைக் கூட்டிக் குறைத்திருந்தால் இந்த வாதத்தில் பாதி இருந்திருக்காது. முதல் இடத்துக்கு 9 என்று எல்லாக் கிளாஸுக்கும் ஒரே மாதிரி வைத்ததுதான் ஓட்டை, கிளாஸ் முறை ஓட்டை இல்லை.

ஆர்எஸ்_ரசிகன்

ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்துப் புள்ளி என்றால் நான் பாதி வழி வந்துவிடுகிறேன். முழுசாக இல்லை. எனக்கு ரவுஸின் 1988 இன்னும் ஆறவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், 1989-இல் கிளாஸ் சி-யில் ஒரு பந்தயத்துக்குச் சராசரி எத்தனை வண்டி நின்றது? லூயிஸ் எய்ட்கன்-வாக்கர் இன்னொரு ஆஸ்ட்ராவில் ஓடினார், அது தெரியும். ராலியிலிருந்து வந்த பெண் ஓட்டுநர், பெரிய ஆள். அவரைத் தவிர? எண் இல்லாமல் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருக்கிறோம்.

ஈஸ்ட்ஹாம்_சிவா

தம்பி, அதுக்கு என்னிடம் வழி இருக்கிறது. நான் போன ஒவ்வொரு ரேஸுக்கும் வாசலில் விற்கிற நிகழ்ச்சிப் புத்தகம் வாங்கினனான், ஒன்றும் எறியவில்லை. மேல் பரணில் ஒரு பெட்டி முழுக்க இருக்கு, மனுசி பல தரம் எறியச் சொல்லி நான் விடவில்லை. ஒவ்வொன்றிலும் நடுப்பக்கத்தில் கிளாஸ் போட்டுப் பெயர்ப்பட்டியல் இருக்கும், பின்வாங்கின ஆட்களை நான் பேனாவால் வெட்டியும் இருக்கிறன். எல்லாப் பந்தயமும் வராது, பிராண்ட்ஸும் சில்வர்ஸ்டோனும்தான் கூட, ஒருமுறை ஸ்னெட்டர்டன். சனிக்கிழமை ஏணி எடுத்து ஏறி எண்ணிப்போட்டு இங்க எழுதுகிறன்.

ஆர்எஸ்_ரசிகன்

சிவா அண்ணா, கிளாஸ் சி-யை முதலில் எண்ணுங்கள். அப்புறம் ஏ-வை எண்ணும்போது பேனாவால் வெட்டியவர்களைத் தனியாகப் போடுங்கள், அன்றைக்கு உண்மையில் ஓடின சியரா எத்தனை என்று எனக்குத் தெரியவேண்டும்.